டேஸ்டரின் சொல் தோட்டம் வரை போகுமா? நீலகிரித் தேயிலைத் தொழிற்சாலை: ஒரு நிகழ்வு ஆய்வு

குன்னூரில் வாரந்தோறும் தேயிலை ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு முன்னால் தரகு நிறுவனங்களின் டேஸ்டர்கள் நீள மேசையில் வரிசையாக வைத்த கோப்பைகளிலிருந்து கரண்டியால் அள்ளி உறிஞ்சி, வாயில் ஒரு சுழற்று சுழற்றித் துப்பிவிட்டு, ஒவ்வொரு லாட்டுக்கும் (ஏலத்துக்கு வரும் ஒரு தொகுதிச் சரக்கு) ஒரு விலை மதிப்பும் இரண்டு மூன்று சொற்களும் சொல்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்கிறார். விலை மதிப்பைத் தொழிற்சாலை முதலாளி உடனே பார்த்துவிடுவார். அந்த இரண்டு மூன்று சொற்கள் என்ன ஆகின்றன என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

தனி ஒரு நிறுவனத்தை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. குன்னூர், கோத்தகிரி, குந்தா வட்டாரங்களில் நிறைந்திருக்கும் இலை வாங்கும் தொழிற்சாலை என்ற வகையைத்தான் எடுத்துக்கொள்கிறேன். சொந்தத் தோட்டம் இருக்காது, இருந்தாலும் கொஞ்சம்தான். ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் நூற்றுக்கணக்கானவர்களிடமிருந்து ஏஜெண்ட் மூலம் பச்சை இலை வரும். அதை இயந்திரத்தில் நசுக்கி, கிழித்து, உருட்டி சிடிசி என்ற குறுணைத் தூளாக்கி ஏலத்துக்கு அனுப்புவார்கள். தனியார் தொழிற்சாலைகள் நூற்றுக்கு மேல். கூட்டுறவுத் துறையில் 1962-இல் குந்தாவில் முதல் தொழிற்சாலை வந்தது. 1965-இல் அவற்றுக்கான இணையமாக இன்கோசர்வ் உருவானது. இன்று அதன் கீழ் 16 தொழிற்சாலைகள், சுமார் 30 ஆயிரம் உறுப்பினர்கள்.

இந்த வகைத் தொழிற்சாலைக்குப் புதுமை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். சோவியத் யூனியன் இருந்தவரை நீலகிரித் தூளுக்குக் கேள்வி கேட்காத வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார். 1991-இல் அவர் போய்விட்டார். தொண்ணூறுகளின் கடைசியில் விலை சரிந்து, இலை விலை கட்டுப்படியாகாமல் விவசாயிகள் போராடத் தெருவில் இறங்கினார்கள். அன்றிலிருந்து மேடைக்கு மேடை ‘தரம்’ என்ற சொல் ஒலிக்கிறது. ஆர்த்தடாக்ஸ் (இலையைத் தூளாக்காமல் ரோலரில் முறுக்கிச் செய்யும் தேயிலை) செய்யுங்கள், கிரீன் டீ செய்யுங்கள், உறைபனிக் காலத்து இலையைத் தனியாகச் செய்யுங்கள் என்ற யோசனைகளுக்கும் பஞ்சமில்லை. செய்து நிலைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் சொந்தத் தோட்டம் வைத்திருக்கும் எஸ்டேட்காரர்கள், அல்லது பத்துப் பதினைந்து விவசாயிகளோடு மட்டும் வேலை செய்யும் மினி தொழிற்சாலைக்காரர்கள். நடுவில் இருக்கும் பெரிய கூட்டம் ஏன் அசையவில்லை?

பணம் இல்லை, கூலிக்கு ஆள் இல்லை என்பார்கள். இரண்டும் உண்மை. ஆனால் ஏற்கெனவே கையில் இருக்கும் அறிவு பயன்படாமல் கிடப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அறிவுக்குப் பஞ்சமில்லாத மலை

வெளியிலிருந்து அறிவைக் கொண்டுவந்து சேர்ப்பதில் நீலகிரி ஒருநாளும் பின்தங்கியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனக் கைதிகள் தைசோலைப் பக்கம் தேயிலை வேலை சொல்லிக்கொடுத்தார்கள் என்ற கதையை இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தோட்ட உரிமையாளர்களின் சங்கமான உபாசி 1893-இல் தொடங்கியது, தலைமையகம் குன்னூரில். அதன் தேயிலை ஆராய்ச்சி 1926-இல் கூடலூர் பக்கம் ஆரம்பித்து, 1963-இல் வால்பாறைக்குப் போனது. சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழக அரசின் டேன்டீ தோட்டங்கள் உருவானபோது, இலங்கை மலையகத்தில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த கைகள் அப்படியே இங்கே வந்து இறங்கின. மணத்துக்குப் பேர்போன சி.ஆர். 6017 என்ற செடி ரகமே நீலகிரித் தோட்டம் ஒன்றில் பொறுக்கி எடுத்ததுதான்.

இவற்றில் மிக நன்றாக நடந்த அறிவுப் பரிமாற்றம் எது என்று கேட்டால், கொப்புள நோயைத்தான் சொல்வேன். 1946-இல் அந்தப் பூஞ்சை தென்னிந்தியாவுக்குள் நுழைந்தது. இளங்கொழுந்தில் கொப்புளம் கிளம்பி, பறிக்க வேண்டிய இலையையே தின்றுவிடும் நோய். மழைக்காலத்தில் தாமிர மருந்தைக் குறித்த இடைவெளியில் தெளிக்க வேண்டும் என்று ஆராய்ச்சி சொன்னது; தோட்டம் தோட்டமாக, பிறகு விவசாயி விவசாயியாக அது பரவியது. ஏன் பரவியது? நோய் கண்ணுக்குத் தெரிந்தது. மருந்து பொட்டலத்தில் கிடைத்தது. பலன் அடுத்த சுற்றுப் பறிப்பிலேயே தெரிந்தது. யார் தெளித்தாரோ அவருக்கே லாபம்.

தொழிற்சாலைக்குள் நடக்கும் வேலைக்கு இந்தச் சௌகரியங்களில் ஒன்றுகூட இல்லை. இங்கே அறிவு ஒருவர் மூக்கிலும் விரலிலும் இருக்கிறது; தவறு நேர்ந்தால் தெரிய வாரக்கணக்கில் ஆகிறது; சரியாகச் செய்தால் பலன் வேறொருவருக்குப் போகிறது.

டீ மேக்கர்

ராத்திரி வாட்டும் மாடிக்குப் போனால் பார்க்கலாம். நீளத் தொட்டிகளில் இலை பரப்பியிருக்கும், அடியிலிருந்து விசிறி காற்று ஊதும். தயாரிப்புக்குப் பொறுப்பான டீ மேக்கர் கைப்பிடி இலையை அள்ளி உருட்டிப் பிசைந்து, கையைத் திறப்பார். உருண்டை சட்டென்று பிரிந்து, காம்பு ‘டக்’கென்று ஒடிந்தால் இன்னும் வாடவில்லை. மெதுவாக, பாதி மனதோடு விரிந்தால் போதும், இறக்கலாம். சிடிசிக்கு ஈரம் 70 சதவீதத்தை ஒட்டி இறங்கினால் சரி. ஆர்த்தடாக்ஸுக்கு 60 பக்கம் வர வேண்டும். ஈரமானி இருக்கும் தொழிற்சாலையிலும் முடிவெடுப்பது அந்தக் கைதான், ஏனென்றால் காலையில் மழையில் நனைந்து வந்த இலையும் மத்தியானம் வெயிலில் வந்த இலையும் ஒரே தொட்டியில் கிடக்கின்றன. கருவி ஏதோ ஓர் இடத்து எண்ணைத்தான் காட்டும்.

அரைத்த இலை நொதிக்கும்போதும் இதே கதை. பச்சை வாடை போய், பழுத்த பழத்தின் மணம் எழும் ஒரு கட்டம் உண்டு. நிறம் செம்புக்கு வரும். அந்த நேரத்தில் காயவைக்கும் டிரையருக்குள் போக வேண்டும். பத்து நிமிடம் முந்தினால் தேநீர் பச்சையடிக்கும். பிந்தினால் நிறம் இருக்கும், உயிர் இருக்காது. இலைக்குள் இருக்கும் நொதி, கேட்டிச்சின் என்ற துவர்ப்புப் பொருள்களை, தேநீருக்கு உயிர் தரும் தியாஃப்ளேவினாகவும் அப்புறம் அடர்நிறம் தரும் தியாருபிஜினாகவும் மாற்றும் ஓட்டம் அது. தியாஃப்ளேவின் உச்சத்தில் இருக்கும்போது நிறுத்தத் தெரிந்தவர்தான் நல்ல டீ மேக்கர். வேதியியல் தெரியாமலே அவர் அதைச் செய்கிறார்.

சொல்லத் தெரியாத இந்த அறிவை எப்படி வெளியே எடுப்பது? நிர்வாகப் பாடங்களில் அடிக்கடி வரும் ஜப்பானிய உதாரணம் ஒன்று உண்டு. எண்பதுகளில் மட்சுஷிதா நிறுவனம் வீட்டுக்கான ரொட்டி இயந்திரம் செய்துபார்த்தது; மாவு சரியாகப் பிசைபடவே இல்லை. மென்பொருள் பிரிவைச் சேர்ந்த இகுகோ தனாகா, ஓசாகாவில் ஒரு ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் உதவியாளராகப் போய்ச் சேர்ந்தார். அந்த ரொட்டிக்காரர் மாவை இழுப்பதோடு நிறுத்தாமல் முறுக்கவும் செய்கிறார் என்று கண்டுபிடித்து, அதைப் பொறியாளர்களுக்குச் சொல்ல, இயந்திரத்தின் உட்புறத்தில் அதற்கேற்ற மேடுகள் வந்தன. கவனிக்க வேண்டியது, ரொட்டிக்காரரைக் கூப்பிட்டு ‘எப்படிச் செய்கிறீர்கள், சொல்லுங்கள்’ என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது.

நம் தொழிற்சாலைகளில் அந்த உதவியாளர் இடத்தில் யார் இருக்கிறார்கள்? முன்பு உள்ளூர்ப் பையன்கள் இருந்தார்கள். டீ மேக்கர் திட்டிக்கொண்டே கற்றுக்கொடுப்பார். இப்போது பல தொழிற்சாலைகளில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த தொழிலாளர்கள். டீ மேக்கர் தமிழோ, நீலகிரிப் படகர்களின் மொழியான படகமோ பேசுவார். அவர்கள் வேறு மொழி. ‘இதைத் தள்ளு, அதை நிறுத்து’ என்ற அளவில்தான் பேச்சு. இதில் ஒரு வேடிக்கை: அசாம் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். அவர்களுக்குத் தெரிந்தது என்ன என்று யாரும் கேட்டதாகக் காணோம்.

இரண்டு சொற்களில் என்ன இருக்கிறது

இப்போது டேஸ்டரிடம் திரும்புவோம். அவர் சொல்லும் சொற்கள் வெளியாளுக்கு ரசனைப் பேச்சு மாதிரித் தெரியும். தொழிற்சாலைக்காரருக்கு அவை பழுது எங்கே என்று காட்டும் குறிப்புகள். ‘புகை’ என்றால் சூடான காற்று வரும் குழாயில் விரிசல். விறகு அடுப்பின் புகை தேயிலைக்குள் போகிறது. ‘வெந்த வாடை’ என்றால் டிரையரில் இலையை அதிகம் திணித்திருக்கிறார்கள், அல்லது நுழையும் இடத்தில் சூடு போதவில்லை. காய்வதற்கு முன்னால் இலை வெந்திருக்கிறது. ‘கருகல்’ என்றால் இதற்கு நேர் எதிர். ‘பச்சை’ என்றால் வாட்டமோ நொதிப்போ குறைவு. ‘நார்’ என்றால் முற்றின இலை, காம்பு. ‘சப்பை’ என்றால் நொதிப்பு மீறியிருக்கலாம், மூட்டை ஈரம் இழுத்திருக்கலாம், இலையே சத்தில்லாமல் இருந்திருக்கலாம்.

கடைசிச் சொல்லில்தான் சிக்கல். புகைக்கு ஒரே காரணம். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் முடிந்தது. சப்பைக்கு மூன்று காரணங்கள், மூன்றும் மூன்று பேரின் பொறுப்பு. அன்றைக்கு எந்த ஊர் இலை, எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணி நேரம் வாடியது, எப்போது டிரையருக்குப் போனது என்று தெரிந்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. இல்லாவிட்டால் முதலாளி டீ மேக்கரைத் திட்டுவார், டீ மேக்கர் ஏஜெண்டைக் கைகாட்டுவார், ஏஜெண்ட் ‘மழைங்க’ என்பார். சரி, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் போய்விடுவார்கள்.

வெஸ்லி கோஹன், டேனியல் லெவிந்தால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990-இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: உள்வாங்கும் திறன். வெளியிலிருந்து வரும் அறிவின் மதிப்பை உணர்ந்து, ஜீரணித்து, காசாக்கும் திறன், அந்த நிறுவனத்துக்குள் முன்பே சேர்ந்திருக்கும் அறிவைப் பொறுத்தது என்றார்கள். சப்பை என்ற சொல் ஏல மையத்திலிருந்து எல்லாத் தொழிற்சாலைக்கும் இலவசமாகத்தான் வருகிறது. அதைப் பிடித்து வைக்கக் கொக்கி உள்ளவருக்குத்தான் அது செய்தி.

இயந்திரம் வாங்கிப் புதுமை செய்பவர்கள் இடறுவதும் இங்கேதான். ஆர்த்தடாக்ஸ் ரோலர் வாங்கி, ஆலோசகரை வரவழைத்து, முதல் மாதம் நன்றாகவே வரும். ஆலோசகர் போன பிறகு பருவம் மாறும். அவர் எழுதிக்கொடுத்த நேரமும் சூடும் பொருந்தாது. ஊட்டிக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய உதாரணம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. 1960-இல் நிறுவி 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்தோடு பிறந்தது. டிஜிட்டல் வந்ததும் அது எழவில்லை. அதை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. 1975-இலேயே தன் பொறியாளர் டிஜிட்டல் கேமரா செய்து காட்டியும் கோடாக் 2012-இல் திவால் மனு போட்டது. ஃபியூஜி ஃபிலிமோ, பிலிமுக்காகப் படித்த கொலாஜனையும் நிறம் மங்காமல் காக்கும் வேதியியலையும் கொண்டு முகப்பூச்சு விற்கப் போனது. மூவரிடமும் அறிவு இருந்தது. தன்னிடம் இருப்பதை இன்னொரு காரியத்துக்குத் திருப்பத் தெரிந்தவர் ஒருவர்தான்.

பாதை அறுகிற இடங்கள்

இலை வாங்கும் தொழிற்சாலையில் டேஸ்டரின் சொல் தோட்டத்துக்குத் திரும்பாமல் போவதற்கு மூன்று இடங்களைக் காட்டலாம்.

முதலாவது, கலப்பு. ஏஜெண்டின் வண்டியில் ஐந்தாறு ஊர் இலை ஒன்றாக வருகிறது. சாக்கில் அமுக்கித் திணித்து, மேலே இரண்டு பேர் உட்கார்ந்து வந்தால், இறக்கும்போது நடுவில் கை வைத்தால் சுடும். அந்த இலை வழியிலேயே சிவந்துவிட்டது; நொதிப்பு தொழிற்சாலைக்கு வரும் முன்னரே ஆரம்பித்துவிட்டது. கையால் பறித்த கொழுந்தும் கத்தரியால் வெட்டிய முற்றின இலையும் ஒரே தொட்டியில் விழுந்த பிறகு யாருடையது எது என்று ஆண்டவனுக்கும் தெரியாது. நாலு, நாலரை கிலோ இலை ஒரு கிலோ தூளாகும்போது, அந்த இலைகளைப் பற்றிய தகவலும் சேர்த்து அரைபட்டுவிடுகிறது.

இரண்டாவது, காலம். இன்று செய்த தேயிலை மூட்டையாகி, கிடங்குக்குப் போய், பட்டியலில் ஏறி, மாதிரி எடுத்து, ஏலத்துக்கு வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். அதற்குள் பனி போய் வெயில் வந்திருக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: விலை. தேயிலை வாரியம் மாதந்தோறும் ஏல விலையின் மாவட்ட சராசரியை வைத்துப் பச்சை இலைக்குக் குறைந்தபட்ச விலை அறிவிக்கிறது. தொழிற்சாலைகள் இஷ்டத்துக்கு விலை வைத்த காலத்தில் விவசாயிகள் பட்ட பாட்டுக்கு வந்த பாதுகாப்பு அது, தேவையானதும்கூட. ஆனால் நடைமுறையில் அந்தக் குறைந்தபட்சமே எல்லோருக்குமான விலையாக உட்கார்ந்துவிட்டது. இரண்டு இலை ஒரு மொட்டு என்று பார்த்துப் பறித்தவருக்கும், மாதம் ஒருமுறை கத்தரி போட்டவருக்கும் ஒரே காசு. பார்த்துப் பறித்தால் எடை குறையும், கூலி ஏறும். தரம் பற்றிய கூட்டத்தில் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க் கத்தரியை எடுப்பவர் அறியாமையால் அப்படிச் செய்யவில்லை. கணக்குத் தெரிந்துதான் செய்கிறார். அவருக்கு இன்னொரு பயிற்சி வகுப்பு நடத்துவது வீண் செலவு.

என்ன செய்யலாம், எங்கே இடிக்கும்

முதல் காரியம் தினசரி டேஸ்டிங். ஏலத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். சர்வதேச முறைப்படி 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். ஒரு தராசு, ஒரு கடிகாரம், சில வெள்ளைக் கோப்பைகள், அவ்வளவுதான். காலையில் முதல் நாள் சரக்கை முதலாளி, டீ மேக்கர், டிரையர்காரர், இலை எடை போடுபவர் எல்லோரும் சேர்ந்து ருசிக்க வேண்டும். டீ மேக்கர் மட்டும் ருசித்தால் பயனில்லை. அவருக்கு ஏற்கெனவே தெரியும். எடை போடுபவர் தன் வாசலில் இறங்கிய சூடான சாக்கை மறுநாள் தன் நாக்கில் உணர்வதுதான் நோக்கம்.

இரண்டாவது, ஒரே ஒரு பதிவேடு. தேயிலை வியாபாரத்தில் ஒவ்வொரு லாட்டுக்கும் இன்வாய்ஸ் எண் உண்டு. அந்த எண்ணுக்கு நேராக எந்த வழித்தட (இலை வண்டி போய்வரும் பாதை) இலை, வந்த நேரம், கொழுந்து எத்தனை சதவீதம், வாட்டிய மணி, நொதித்த நிமிடம், டிரையர் சூடு, நம் டேஸ்டிங், அப்புறம் ஏல டேஸ்டரின் சொல், கிடைத்த விலை. பெரும்பாலான தொழிற்சாலைகளில் இதில் பாதி ஏற்கெனவே எழுதப்படுகிறது, ஆனால் தணிக்கைக்காக எழுதப்படுகிறது. சான்றிதழ் ஆய்வாளருக்குக் காட்டுவதற்காக மாலையில் ஒரே பேனாவில் நிரப்பிய பதிவேட்டில் டிரையர் சூடு மாதம் முழுக்க ஒரே எண்ணாக இருக்கும். அப்படிப்பட்ட ஏட்டை வைத்துக்கொண்டு கணினி மென்பொருள் வாங்குவது இன்னும் மோசம். பொய் வேகமாகப் பரவும்.

மூன்றாவது, வழித்தடத்துக்கு ஒரு நிறச் சாக்கு, வழித்தடத்துக்கு ஒரு தொட்டி. இதை எல்லா இலைக்கும் செய்ய முடியாது, தொட்டிகள் போதாது. ஒரே ஒரு வழித்தடத்தை மட்டும் பிரித்தால் போதும். காற்றுப் போகும் வலைச் சாக்கு, அமுக்காமல் ஏற்றுவது, பறித்த சில மணி நேரத்தில் கொண்டுவருவது: இந்த மூன்றையும் அந்த ஒரு வழித்தடத்தில் பிடித்துவிட்டால், அந்தத் தொட்டியின் கோப்பைக்கும் மற்றக் கோப்பைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது. ஏஜெண்டுகளிடம் விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. விலை அறிவிப்பும் ‘நாளை இலை எடுக்கமாட்டோம்’ என்ற சேதியும்தான் அவற்றில் வரும். அதே குழுவில் வாசலில் இறங்கிய இலையின் படமும் அந்த லாட்டுக்கு டேஸ்டர் சொன்ன சொல்லும் போகலாம். பெயர் போட்டு அவமானப்படுத்தக் கூடாது. ஊர் அளவில் போதும். படத்தைப் பார்த்தால் அவரவர் இலை அவரவருக்குத் தெரியும்.

நான்காவது, காசு. வாரியம் வைப்பது கீழ்வரம்பு. அதற்கு மேல் கொடுக்கத் தடையில்லை. பிரித்தெடுத்த வழித்தடத்துக்குக் கொழுந்து சதவீதத்தின்படி கூடுதல் விலை கொடுக்கலாம். சதவீதத்தை வாசலில், விவசாயி முன்னாலேயே பிரித்து எண்ணிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் எடையில் ஏமாற்றுகிறார்கள் என்ற பழைய சந்தேகத்தோடு இதுவும் சேர்ந்துகொள்ளும். உபாசியின் வேளாண் அறிவியல் நிலையம் குன்னூரிலேயே இருக்கிறது. கவாத்து, பறிப்பு இடைவெளி பற்றிய அதன் பயிற்சி, கூடுதல் காசு வந்த பிறகு நடந்தால் ஆட்கள் வருவார்கள்.

இடிக்கும் இடம் எது என்று இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். பக்கத்துத் தொழிற்சாலை. இலை குறைவான மாதங்களில் யார் எந்த இலையைக் கொண்டுவந்தாலும் எல்லோரும் வாங்குவார்கள். ‘கொழுந்து சதவீதம் பார்க்கிறேன்’ என்று ஒருவர் வாசலில் நிறுத்தினால் ஏஜெண்ட் வண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த வளைவில் இறக்கிவிடுவார். அவருக்குக் கொடுத்த முன்பணமும் திரும்பி வராது. ஜனவரி, பிப்ரவரியில் உறைபனி அடித்து இலை கருகிக் கிடக்கும்போது இந்தப் பரிசோதனையைத் தொடங்குபவர் மார்ச்சில் கைவிட்டிருப்பார்.

ஏப்ரலிலிருந்து ஜூன் வரையும், மறுபடி செப்டம்பருக்குப் பிறகும் இலை குவியும். அப்போது தொழிற்சாலைகளால் அரைக்க முடியாமல் கோட்டா வைத்து வாங்குவார்கள். விவசாயி சாக்கோடு சாலையோரம் காத்திருப்பார். அந்த மாதங்களில், பிரித்தெடுத்த வழித்தடத்துக்குக் கூடுதல் விலையோடு ‘கொழுந்து கொண்டுவந்தால் கோட்டா கிடையாது’ என்ற ஒரு வாக்குறுதியும் கொடுத்தால், அதற்குக் காசைவிட மதிப்பு அதிகம். பறிக்க ஆள் போதாத காலமும் அதுதான் என்பதால் எல்லா வீட்டாலும் முடியாது. முடிந்தவர்கள் யார் என்பது மட்டுமாவது அந்த மூன்று மாதத்தில் பதிவேட்டில் தெரிந்துவிடும். ஆர்த்தடாக்ஸ் ரோலருக்கு முன்பணம் கட்டலாமா வேண்டாமா என்பதை அந்தப் பட்டியலின் நீளத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.